பஸ் ஓடுகிற வீதிக்குச் சைக்கிள் சாமான்கள்: பின் லைற், ஒளிர் நாடா, கண்ணாடி – எதை வாங்கலாம், எதை விடலாம்

மட்டக்களப்பு நகரத்துச் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளிலும் கல்முனைக் கடைகளிலும் இப்போது அலுமாரி நிறைய மினுங்குகிற சாமான்கள். சிவப்பு லைற், நீல லைற், வட்டக் கண்ணாடி, அலறுகிற ஹோர்ன், சில்லுக் கம்பியில் கொழுவுகிற பிளாஸ்ரிக் குச்சி. எதைக் கேட்டாலும் கடைக்காரர் மேசையில் வைத்து அமத்திக் காட்டுவார்: "பாருங்க, கண் கூசுதா இல்லியா?" கூசும்தான். அரை மீற்றர் தூரத்தில் எந்த லைற்றும் கண்ணைக் கூச வைக்கும். மழை இருட்டில், வைப்பர் அடிக்கிற கண்ணாடிக்குள்ளால் பார்க்கிற பஸ் சாரதிக்கு அது என்னவாகத் தெரியும்? இங்கே ஒவ்வொரு சாமானும் அந்தச் சீற்றிலிருந்து பார்த்துத்தான் எடை போடப்படுகிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் பஸ் ஒரு செக்கனில் 14 மீற்றர் அளவில் கடக்கும். சாரதி கண்டு, விளங்கி, கால் பிறேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன். அதற்குள் 21 மீற்றர் போய்விடும். காய்ந்த வீதியில் ஆள் நிறைந்த பஸ் நிற்க இன்னும் 20 மீற்றருக்கு மேல் வேண்டும், ஈர வீதியில் 30 மீற்றருக்கு மேல். ஆகவே 60 மீற்றரிலாவது "முன்னால் போவது சைக்கிள்" என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். இந்தத் தூரத்தில் வேலை செய்யாத சாமானுக்குக் கொடுக்கிற காசு வீண்.

வீதியையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோரமாக இறங்குகிற ஏ4 வீதியில் ஓரம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. ஓரிடத்தில் கடல் மணல் தார் மேல் ஏறிக் கிடக்கும், சில்லு வழுக்கும். அம்பாறைப் பக்கம் அறுவடை முடிந்தால் வீதியோரத்தில் நெல்லுக் காயும். சைக்கிள்காரன் நடுவுக்கு வராமல் என்ன செய்வான்? காத்தான்குடியில் வீதியை இரண்டாகப் பிரிக்கிற, பேரீச்ச மரம் நட்ட நடுத் தீவு. பஸ்ஸின் அகலம் 2.5 மீற்றர், சைக்கிளுக்கு 0.7, ஓரத்தில் 0.5, இரண்டுக்கும் இடையில் விடவேண்டியது 1.5 என்று கூட்டினால் 5.2 மீற்றர் வருகிறது. நடுத் தீவு இல்லாத இடத்தில் பஸ் மறுபக்கம் சாய்ந்து இந்த இடைவெளியைக் கொடுக்கலாம். தீவு இருக்கிற இடத்தில் சாய வழியில்லை. ஒன்றில் பின்னால் ஊர்ந்து வரவேண்டும், இல்லாவிட்டால் உரசிக்கொண்டு போகவேண்டும். கல்லடிப் பாலத்திலும் இதே சிக்கல்தான்: இடப்பக்கம் இறங்கி ஒதுங்க மண் ஓரம் கிடையாது, வாவிக் காற்று வேறு ஹாண்டிலைப் பிடித்து இழுக்கும்.

இனிப் பின் லைற். சந்தையில் மூன்று சாதி. பட்டன் பற்றறி போட்ட சிலிக்கோன் லைற் மிக மலிவு, சி.ஆர்.2032 பற்றறி ஒன்றோ இரண்டோ உள்ளே இருக்கும். அது திடீரென்று அணையாது, நாளுக்கு நாள் மங்கும், அதுதான் ஆபத்து. ஓடுகிறவருக்கு "லைற் எரியுது" என்ற நம்பிக்கை இருக்கும், பின்னால் வருகிறவருக்கு ஒரு மங்கல் புள்ளிதான். உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற தகடும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வேண்டாம்.

இரண்டாவது, ஏ.ஏ.ஏ பற்றறி இரண்டு போடுகிற சாதி. பார்க்கப் பழசு மாதிரி இருக்கும். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலாவதாகச் சொல்லக்கூடியது இதுதான். பற்றறி எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும், கரண்ட் போனாலும் கவலையில்லை, சார்ஜ் போட மறக்கிற பிள்ளைக்கும் ஒத்துவரும். இதிலும் சிவப்பு ரிஃப்லெக்டர் சேர்ந்து, நட்டு போட்டுப் பூட்டுகிற மாதிரி வருவதை எடுங்கள்.

மூன்றாவது, யூ.எஸ்.பி சார்ஜ் லைற். தினமும் பின்னேரம் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இது நல்லது. பெட்டியில் போட்டிருக்கிற லூமன் எண்ணை, அதாவது வெளிச்சத்தின் அளவை, அப்படியே நம்ப வேண்டாம். இரவுக்கு 20 முதல் 50 லூமன் தாராளம், பகல் மழை மூட்டத்துக்கு 100 இருந்தால் நல்லது. எண்ணை விட லென்ஸ் முக்கியம். கடையில் நேரே பார்க்காமல், லைற்றை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பக்கவாட்டில், 45 பாகை சாய்வில் நின்று பாருங்கள். சில லைற் நேரே மட்டும் சுடும், பக்கத்தில் செத்துப்போகும். வளைவில் வருகிற பஸ்ஸுக்கு அப்படிப்பட்டது தெரியாது.

மின்னவிடுவதா, நிலையாக எரியவிடுவதா என்று நெடுக ஒரு வாக்குவாதம் நடக்கும். பகலிலும் அந்தி மங்கலிலும் மின்னுவது கண்ணை இழுக்கும், அதில் தவறில்லை. நல்ல இருட்டில் மின்னல் மட்டும் போட்டால் சாரதிக்குத் தூரம் பிடிபடாது. புள்ளி வருகிறது, போகிறது, அடுத்த முறை வரும்போது எங்கே என்று கண் திரும்பத் தேடுகிறது. நிலையாக எரிவது கிட்ட வரவரப் பெரிதாகும், அதை வைத்து மூளை தூரத்தைக் கணக்குப் போடும். இரண்டு லைற் இருந்தால் ஒன்றை நிலையாகவும் மற்றதை மெல்ல மின்னவும் விடுங்கள். ஒன்றுதான் என்றால் இருட்டில் நிலையாக. பத்து விதமாக மின்னும் என்று விற்கிற லைற்றில் ஒன்பது விதம் தேவையில்லை.

எங்கே பூட்டுவது என்பதில்தான் அதிகம் பேர் காசை வீணாக்குகிறார்கள். பெட்டிக்குள் வருகிற ரப்பர் பட்டி சீற் தண்டுக்கு அளவெடுத்துச் செய்தது. எங்கள் ஊர்ச் சைக்கிள் கரியர் வைத்த சைக்கிள். லுமாலாவோ வேறெதுவோ, சீற் தண்டுக்குப் பின்னால் ரியூசன் பையோ, மீன் பெட்டியோ, அரிசி மூட்டையோ, ஒரு ஆளோ இருக்கும். தண்டில் கட்டிய லைற் அதற்குப் பின்னால் ஒளிந்துவிடும். கரியரின் பின் நுனியில் அல்லது பின் மட்காட்டில், பழைய ரிஃப்லெக்டர் இருந்த துளையில் பூட்டுங்கள். அநேகமான சைக்கிளில் அது எம்5 போல்ட். 8 மில்லிமீற்றர் சாவி போதும். நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போடாவிட்டால் மதகு ஏறி இறங்க லைற் கீழே சாய்ந்து தாருக்கு வெளிச்சம் காட்டும். பூட்டிய பிறகு பின்னால் 20 அடி தள்ளிக் குந்தியிருந்து பாருங்கள், லென்ஸ் நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். ரப்பர் பட்டியை வெயில் வெடிக்கச் செய்யும் என்பதால் தண்டில் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பிளாஸ்ரிக் டை ஒன்றையும் மேலால் இறுக்கி விடுங்கள்.

டைனமோவை இன்னும் விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். 6 வோல்ட், 3 வாட். முன் பல்ப்புக்கு 2.4, பின்னுக்கு 0.6. சார்ஜ் கவலை இல்லை. ஆனால் நனைந்த டயரில் உருளை வழுக்கும், சைக்கிள் நின்றால் லைற்றும் நிற்கும். பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் காத்து நிற்கும்போதும், வலப்பக்கம் திரும்ப வீதி நடுவில் கால் ஊன்றி நிற்கும்போதும்தான் பின் லைற் அதிகம் தேவை. நின்ற பிறகும் சில நிமிடம் எரிகிற எல்.ஈ.டி பின் லைற் பூட்டினால் இந்தக் குறை தீரும்.

லேசர் கோடு போடுகிற பின் லைற் ஒன்று விற்கிறார்கள். சைக்கிளுக்கு இரு பக்கமும் வீதியில் இரண்டு சிவப்புக் கோடு விழும், "பஸ் இந்தக் கோட்டுக்குள்ள வரமாட்டான்" என்று விளம்பரம். பஸ் ஹெட் லைற் பட்ட இடத்தில் அந்தக் கோடு அழிந்துவிடும், ஈரத் தாரில் விழுவதே இல்லை. ரிமோட்டில் வேலை செய்கிற சிக்னல் லைற்றும் இதே வகை: இடமும் வலமும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தால் தூரத்திலிருந்து எந்தப் பக்கம் மின்னுகிறது என்று யாருக்குத் தெரியும்? வலக் கையை நீட்டுங்கள், மணிக்கட்டில் ஒளிர் பட்டி ஒன்று கட்டியிருங்கள்.

ஒளிர் நாடாவுக்கு வருவோம். செலவழிக்கிற காசுக்குக் கிடைக்கிற பலனைப் பார்த்தால் முதலிடம் இதற்குத்தான். ஆனால் போலி நிறைய. சைக்கிள் கடையில் விற்கிற மினுங்கு ஸ்டிக்கரில் பாதி வெறும் பளபளப்புத் தாள், வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பி அனுப்பாது. சோதிக்க வழி சுலபம்: கைப்பேசி ரோச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப் பொட்டோடு பிடித்துக்கொண்டு, பத்து அடி தள்ளி, நிழலான மூலையில் வைத்த நாடாவைப் பாருங்கள். உண்மையானது லைற் போட்ட மாதிரி எரியும். ரோச்சை இடுப்புக்கு இறக்கினால் மங்கும். போலி எப்படிப் பிடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும். நல்ல நாடா வேண்டுமென்றால் லொறிச் சாமான் விற்கிற மோட்டார் உதிரிப்பாகக் கடைக்குப் போங்கள். 5 சென்ரிமீற்றர் அகலத்தில், தேன்கூடு மாதிரிக் கட்டம் போட்ட சிவப்பு நாடாவை அளந்து வெட்டித் தருவார்கள். அரை மீற்றர் ஒரு சைக்கிளுக்குக் காணும்.

இந்தக் கட்டம் போட்ட நாடா கொஞ்சம் விறைப்பு, மெல்லிய குழாயில் சுற்றினால் வெடித்துக் கிளம்பும். மட்காட்டிலும் செயின் கவரிலும் 8, 10 சென்ரிமீற்றர்த் துண்டாக வெட்டி ஒட்டுங்கள், மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக்கினால் உரியாது. குழாய்க்குக் கண்ணாடி மணி பதித்த மெல்லிய நாடா பொருந்தும். ஒட்டுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைச் சுர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, ஒட்டிய பிறகு ஒரு நாள் நனைய விடாதீர்கள். பெடலில் மஞ்சள் ரிஃப்லெக்டர் உடைந்திருந்தால் அதை மாற்றுவதும் மிக நல்ல முதலீடு. மேலும் கீழும் ஏறி இறங்குகிற இரண்டு மஞ்சள் புள்ளியைக் கண்டால் எந்தச் சாரதியும் அதைச் சைக்கிள் என்று உடனே அறிவார். கணுக்காலில் கட்டுகிற ஒளிர் பட்டியும் அதே வேலையைச் செய்யும்.

நாடாவுக்கு ஒரு குறை உண்டு, அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஹெட் லைற் பட்டால்தான் அது உயிர்க்கும். நவம்பரில் இங்கே 5.45 ஆகும்போதே சூரியன் போய்விடும். மழை மூட்டம் என்றால் 5 மணிக்கே மங்கல். அந்த நேரத்தில் பாதி வாகனங்கள் லைற் போடாமல் ஓடும். ரியூசன் விட்டுப் பிள்ளைகள் கூட்டமாக வருகிறதும் அந்த நேரம்தான். ஆகவே நாடாவை லைற்றோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

பின்னால் பார்க்கிற கண்ணாடி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பின் லைற்றும் நாடாவும் செய்யாத வேலையை அது செய்கிறது. பஸ்ஸோடு வருகிற பிரச்சினை பெரும்பாலும் சாரதி காணாததால் வருவதில்லை. கண்டு, முந்தி, பத்து மீற்றருக்குள் தரிப்பிடத்துக்காக இடப்பக்கம் வெட்டுவதால் வருகிறது. ஒரே பாதையில் ஓடுகிற பஸ்கள் ஒன்றை ஒன்று துரத்துகிற நேரத்தில் கை காட்டுகிற ஆளைக் கண்டால் போதும், சைக்கிள் மறந்துபோகும். வாசலில் தொங்குகிற ஆட்களால் இடப்பக்கக் கண்ணாடியும் மறைந்திருக்கும். முன் கண்ணாடியில் பாதியைச் சாமிப் படமும் மாலையும் ஸ்டிக்கரும் பிடித்திருக்கும் பஸ்களைப் பற்றி என்ன சொல்ல. இதற்கு மருந்து: பின்னால் பஸ் வருகிறது என்பதும், முன்னால் தரிப்பிடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதும் ஒரே நேரத்தில் உங்களுக்குத் தெரிவது. தெரிந்தால் மிதிப்பதை விட்டு வேகத்தைக் குறைத்து, பஸ்ஸை முதலில் போகவிடலாம்.

கண்ணாடி வலப்பக்கம்தான் வேண்டும். கடையில் சோடியாக விற்பார்கள், ஒன்று போதும். விட்டம் 6, 7 சென்ரிமீற்றருக்குக் குறைந்தது விளையாட்டுச் சாமான். ஹாண்டிலில் வளையம் போட்டு இறுக்குகிற சாதியும், ஹாண்டில் நுனிக்குள் செருகுகிற சாதியும் உண்டு. தண்டுப் பிறேக் (வயருக்குப் பதிலாக இரும்புத் தண்டு இழுக்கிற பிறேக்) வைத்த பழைய சைக்கிளில் பிறேக் கைபிடி ஹாண்டிலுக்கு அடியால் ஓடுவதால் வளையம் போட இடமில்லை. வளைவுக்குப் பக்கத்தில் பூட்டினால் உங்கள் சேட் கையைத்தான் காண்பீர்கள். அதற்கு நுனிச் சாதி எடுத்து, கைப்பிடி ரப்பரின் மூடிய முனையைப் பிளேட்டால் வட்டமாக வெட்டி, செருகி, அலன் சாவியால் இறுக்க வேண்டும். ஹாண்டிலின் வெளி விட்டம் 22.2 மில்லிமீற்றர்; உள் விட்டம் குழாயின் தடிப்பைப் பொறுத்து மாறும். வாங்கப் போகும்போது சைக்கிளையே தள்ளிக்கொண்டு போங்கள்.

தண்டு நீளமாக இருந்தால் கொங்கிறீற் ஒழுங்கையில் கண்ணாடி நடுங்கி, படம் கஞ்சியாகிவிடும். கட்டைத் தண்டு நல்லது, மடக்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது, மதிலில் சாத்திய சைக்கிள் விழுந்து முதலில் உடைவது அதுதான். புடைத்த கண்ணாடி அகலமாகக் காட்டும், ஆனால் பின்னால் வருகிறதைச் சின்னதாக்கித் தூரத்தில் காட்டும். பழகும்வரை ஏமாற்றும். ஒரு வழி: பூட்டியவுடன் நிறுத்திவைத்த பஸ்ஸோ லொறியோ ஒன்றுக்கு முன்னால் 30 எட்டு எடுத்து வைத்து, சைக்கிளில் ஏறி இருந்து, கண்ணாடியில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வீதியில் அந்த அளவு வந்துவிட்டால் இனி வலப்பக்கம் நகரக் கூடாது.

கண்ணாடி வைத்திருந்தாலும் செய்யக்கூடாத காரியங்கள் சில. நிற்கிற பஸ்ஸின் இடப்பக்கத்தால், வாசலுக்கும் ஓரத்துக்கும் நடுவில் நுழையாதீர்கள். இறங்குகிற ஆள் பின்னால் பார்த்து இறங்கமாட்டார். வலப்பக்கத்தால் முந்துவதென்றால் பஸ்ஸின் வலச் சிக்னல் அணைந்திருக்க வேண்டும், கண்ணாடியில் பின்னால் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 4, 5 மீற்றர் பின்னால், பஸ்ஸின் வலக் கண்ணாடியில் சாரதியின் முகம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் முகமும் அவருக்குத் தெரியும். இடப்பக்கப் பின் மூலையோடு ஒட்டி நிற்பது பலரின் பழக்கம். பெரிய பஸ் வலப்பக்கம் வெட்டிக் கிளம்பும்போது பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற உடம்பு இடப்பக்கம் ஓர் அடி வீசும். அது சாரதிக்கே தெரியாமல் நடக்கிறது. சந்தியில் இடப்பக்கம் திரும்பும்போது இதற்கு எதிர்மாறு: முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 5 மீற்றர் அளவு இருப்பதால் பின் சில்லு உள்ளே வெட்டிக்கொண்டு வரும்.

முன் லைற் எதிரே முந்திக்கொண்டு வருகிற பஸ்ஸுக்காக. இருவழி வீதியில் ஆட்டோவை முந்துகிற பஸ் உங்கள் பக்கத்துக்கு வரும்; லைற் இல்லாவிட்டால் எதிரே வீதி வெறுமை என்றுதான் அவர் நினைப்பார். வெள்ளை நிறம், 200 முதல் 400 லூமன், ஒளியின் நடு 10 மீற்றர் முன்னால் தாரில் விழுகிற மாதிரிச் சற்றுக் கீழே சாய்த்து. அம்பாறைப் பக்கத்து இருண்ட வீதிகளில் படுத்திருக்கிற மாட்டைக் காணவும் அதுதான் உதவும். வேகமாக மின்னவிட்டால் எதிரே வருகிறவரின் கண் மழுங்கும், உங்களுக்குத்தான் நட்டம்.

ஹோர்ன் வேண்டாம். முன்னால் எஞ்சின் இரைய, பாட்டு ஓட, கொண்டக்டர் கத்த, அதற்குள் சைக்கிள் ஹோர்ன் எங்கே கேட்கப் போகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீதியைக் கடக்கிற ஆளுக்குச் சாதாரணப் பெல் போதும். ஹெல்மெட் வாங்கினால் உள்ளே ஈ.என். 1078 என்ற ஐரோப்பியத் தர எண் அடித்திருக்கிறதா பாருங்கள். அது நீங்கள் தானாக விழுகிற விழுகைக்கு அளவெடுத்தது, பஸ் மோதலுக்கு அதை நம்ப முடியாது. மஞ்சள் மேலங்கி நல்லது, ஆனால் முதுகில் பை போட்டால் பாதி மறையும். பைக்கு மேல் போடுகிற மஞ்சள் மழை உறை அதைவிடப் பிரயோசனம்.

லைற் வாங்குகிற காசில் பிறேக் கட்டைக்கும் ஒரு பங்கு வையுங்கள். குரோம் பூசிய இரும்பு றிம் நனைந்தால் ரப்பர் கட்டை பிடிக்கவே பிடிக்காது. நிற்க எடுக்கிற தூரம், காய்ந்த வீதியில் எடுக்கிறதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளும். பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது அதன் பிறேக் லைற்றைக் கண்டு நீங்கள் நிற்கிறதுக்குள் பம்பரில் இருப்பீர்கள். மழையில் தரிப்பிடத்துக்கு முன்னாலேயே பிறேக்கை மெல்லத் தொட்டுத் தொட்டு றிம் தண்ணியை வழித்துவிட வேண்டும். கட்டையில் வெட்டு தேய்ந்து மொழுக்கென்று ஆனால் மாற்றுங்கள். அலுமினிய றிம் போட வசதி இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட அது முதலில்.

மாரியில் இன்னொரு தொல்லை. மழைக் கோட் போட்டால் அதன் பின் தொங்கல் கரியர் லைற்றைப் போர்த்துவிடும், முன் தொங்கல் கண்ணாடியை மூடும். பின் தொங்கலைச் சீற்றுக்குக் கீழே சொருகிவிட்டு இருங்கள், அல்லது கோட்டின் பின்பக்கத்திலேயே ஒரு முழ நாடா தைத்துவிடுங்கள். லைற் பெட்டியில் தண்ணி தாங்குகிற அளவைக் காட்டுகிற குறி இருக்கும்: ஐ.பி.எக்ஸ் 4 என்றால் தெறிக்கிற தண்ணிக்குத் தாங்கும், ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். மலிவுப் பெட்டியில் எது அடித்திருந்தாலும், சார்ஜ் துளையை மூடுகிற ரப்பர் நாக்கில்தான் தண்ணி நுழையும். நாக்கின் விளிம்பில் கொஞ்சம் வாஸ்லின் தடவி, மேலால் ஒரு சுற்று இன்சுலேசன் ரேப் போடுங்கள். நனைந்து வந்தால் துளை காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள், ஈரத்தோடு போட்டால் முனைகள் பச்சை பூக்கும். டைப்-சி துளை உள்ள புது லைற் சில, இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள வயரில் சார்ஜ் ஏறாது. லைற் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக முன், ஒரு பக்கம் பழைய தட்டை யூ.எஸ்.பி உள்ள வயரில் போட்டுப் பாருங்கள், அநேகமாக ஏறும்.